கட்டுக்கும் கட்டுக்கும் இடையில்

1930களின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த பி.எப்.ஸ்கின்னர் தன் கையிருப்பைப் பார்த்தார். பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அழுத்தும் ஒவ்வொரு முறையும் விழும். அந்த உருண்டைகளை அவரேதான் செய்தாக வேண்டும். கைவசம் இருப்பது திங்கட்கிழமை காலைக்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. மிச்சப் பொழுதையெல்லாம் உருண்டை பிடிப்பதில் கழிக்க அவருக்கு மனமில்லை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் எதற்காகக் கொடுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் போதாதா என்று யோசித்தார். கொடுத்துப் பார்த்தார். எலிகள் அழுத்துவதை நிறுத்தவில்லை. பிற்பாடு உருண்டையே வராதபோதும், விட்டுவிட்டுப் பெற்றுப் பழகிய எலிகள் தவறாமல் பெற்றுப் பழகிய எலிகளைக் காட்டிலும் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தன. 1956ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சனிக்கிழமையை ஸ்கின்னரே விவரிக்கிறார்.

இன்றைக்குக் கைபேசி விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் பரிசை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்திவைப்பது என்று கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கின் வேர் இந்தப் பிற்பகலில் இருக்கிறது. அதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பரிசுக்கு இடைவெளி விடும் யோசனை எலியின் நன்மைக்காகப் பிறக்கவில்லை. கொடுக்கிறவரின் இருப்பு குறைந்ததால், அவருக்கு நேரமில்லாததால் பிறந்தது. குறைவாகக் கொடுத்து அதிகமாக வாங்கலாம் என்பது அன்றைக்கு அவருக்குத் தற்செயலாகத் தெரிந்தது. அதன்பிறகு அது யாருக்கும் தற்செயலாக இருக்கவில்லை.

பெறுகிறவரின் பக்கத்தில் நின்று இதைப் பார்க்க மண்ணரை நல்ல இடம்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஊத்துக்குளி சாலையில் போனால் வருவது மண்ணரை. தெற்கே நொய்யல். முன்பு தனி ஊராக இருந்தது, இப்போது மாநகராட்சிக்குள் இருக்கிறது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளும் உண்டு. வீட்டு முன்னறையையும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையையும் பவர் டேபிளாக்கி, நாலைந்து தையல் மெஷின்களைப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. சனிக்கிழமை மாலையானால் இந்தப் பகுதிக்கே ஒரு வேகம் வரும். வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம், பைனான்ஸ்காரரின் தவணை எல்லாம் அந்த மாலையைக் குறிவைத்தே ஊரில் வாக்குக் கொடுக்கப்படுகின்றன. ஸ்கின்னரின் உருண்டைகள் தீரப்போனதும் ஒரு சனிக்கிழமைதான் என்பதைப் படித்தபோது எனக்கு ஊர் நினைவுதான் வந்தது.

பனியன் கம்பெனிகளில் சம்பளம் இரண்டு வழியில் கணக்காகும். ஒன்று ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு வரை இருந்தால் ஒன்றரை. அவசர ஆர்டர் என்றால் நள்ளிரவு தாண்டியும் போகும், அப்போது இரண்டு. மற்றது பீஸ் ரேட். ஓவர்லாக் தையலோ பேட்லாக் தையலோ, ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, அடித்த பீஸை எண்ணிக் கூலி வாங்குவது. 1953ல் வெளிவந்த தன் புத்தகத்தில், இத்தனை முறை செய்தால் ஒரு பரிசு என்ற நிலையான விகிதத்துக்கு உதாரணம் காட்டும்போது ஸ்கின்னர் இந்தப் பீஸ் ரேட்டைத்தான் காட்டினார். இம்முறை மனிதரிடமிருந்து எவ்வளவு வேலையைப் பிழிந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் இந்த விகிதத்துக்கு இன்னொரு குணம் உண்டு. என் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். ஸ்கின்னரும் சார்லஸ் பெர்ஸ்டரும் சேர்ந்து புறாக்களை வைத்து நடத்திய நீண்ட சோதனைகள் 1957ல் புத்தகமாக வந்தன. நூறு கொத்துக்கு ஒரு தீனி என்று நிலையாக வைத்தால், தீனியைத் தின்ற புறா உடனே அடுத்த கொத்தைத் தொடங்குவதில்லை. சற்று நிற்கிறது. பிறகு வேகமாகக் கொத்தத் தொடங்கி ஒரே மூச்சில் நூறையும் முடிக்கிறது. மறுபடி நிற்கிறது. அடுத்த தீனி உடனே வராது என்பது அதற்குத் தெரியும். அந்தத் தெரிதலே அதற்கு ஓய்வைக் கொடுக்கிறது.

தையல் மெஷின் ஓடும் எந்தக் கொட்டகையிலும் இதைப் பார்க்கலாம். வெட்டிய துணி கட்டுக் கட்டாக டைலரிடம் வரும். பக்கத்தில் கைமடி நிற்கும் பெண் பீஸை எடுத்துக் கொடுப்பார். "அண்ணா, டீக்குப் போலாங்களா?" என்று கேட்டால், "இந்தக் கட்ட முடிச்சுக்கறன் கண்ணு, அப்பறம் போலாம்" என்று பதில் வரும். கட்டின் நடுவில் எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. கட்டு முடிந்ததும் கால் பெடலை விட்டு இறங்கும், முதுகு நிமிரும், சின்ன நோட்டில் எண்ணிக்கையை எழுதிவிட்டு ஆள் வெளியே வருவார். கட்டுக்கும் கட்டுக்கும் இடையிலுள்ள அந்தப் பொழுதை யாரும் கொடுக்கவில்லை. இத்தனை அடித்தால் இவ்வளவு என்ற தெளிவிலிருந்து அவரே எடுத்துக்கொள்வது அது.

திருப்பூர்த் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதிய மானுடவியலாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நேவும் இதை வேறு பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வாங்குவோரின் நிபந்தனைகளுக்கு இணங்கிய, வரிசை வரிசையாக மெஷின் போட்ட பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டுச் சிறிய இடங்களில் பீஸ் ரேட்டுக்குப் போகும் டைலர்களை அவர்கள் சந்தித்தார்கள். பெரிய இடத்தில் பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு, காற்றோட்டம் உண்டு. ஆனாலும் வரும் நேரம், போகும் நேரம், எழும் நேரம் தன் கையில் இருப்பதை இவர்கள் பெரிதாக மதித்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பீஸ் ரேட்டைக் கொண்டாடிவிடக் கூடாது. வேலை இல்லாத வாரம் சோறு இல்லாத வாரம் என்பதும் அதே முறைதான். 1984ல் பஞ்சப்படி கேட்டு இவ்வூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது கூலி தானாக ஏறாத ஒரு முறைக்கு எதிரான போராட்டம் அது. இருந்தாலும், மோசமான பேரத்துக்குள்ளேகூட ஆட்கள் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். தன் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

பீஸ் ரேட்டை ஒரு விளையாட்டாகவே பார்த்த சமூகவியலாளர் மைக்கேல் புராவாய். 1974ல் சிகாகோ அருகே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். அதே தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்ற ஆய்வாளரும் வேலை பார்த்திருந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தார். இருவரும் கண்டது ஒன்றே. தொழிலாளர்கள் இலக்கு எண்ணை எட்டுவதை ஓர் ஆட்டமாக ஆடினார்கள். இன்றைக்கு எட்ட முடியுமா, முடியாதா என்ற பதற்றத்தில் பொழுது போனது, களைப்பு மறந்தது. 140 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்று தெரிந்து அங்கேயே கையை நிறுத்தினார்கள். 1979ல் வந்த புத்தகத்தில் புராவாய் சொல்லும் முடிவு கசப்பானது. ஆட்டத்தில் இறங்கியவன் ஆட்ட விதிகளைக் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறான், முதலாளிக்கு வேண்டிய சம்மதம் அந்த ஆட்டத்திலேயே உற்பத்தியாகிறது என்றார் அவர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 140ல் கையை நிறுத்துகிறவன் விதியைப் படித்தவன். அவனுடைய ஆட்டத்துக்கு அவனே ஓர் எல்லை போட்டிருக்கிறான்.

கைபேசியில் வந்த ஆட்டத்துக்கு அந்த எல்லை இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெர்ஸ்டர், ஸ்கின்னர் புத்தகத்தில் இன்னொரு விகிதமும் இருக்கிறது. சராசரியாக நூறு கொத்துக்கு ஒரு தீனி, ஆனால் எந்தக் கொத்துக்கு என்று சொல்ல முடியாது. மூன்றாவதுக்கும் வரலாம், இருநூறாவதுக்கும் வரலாம். இப்போது புறா நிற்பதில்லை. தின்ற கையோடு அடுத்த கொத்து. ஏனென்றால் அடுத்த கொத்திலேயே தீனி இருக்கக்கூடும். மொத்தத் தீனி முன்போலவேதான். அது வரும் நேரம் மட்டும் கலைத்துப் போடப்பட்டிருக்கிறது. அதனால் ஓய்வு மறைந்துபோகிறது. சூதாட்ட இயந்திரம் இதே விகிதத்தில்தான் ஓடுகிறது என்பதை ஸ்கின்னர் அப்போதே சுட்டிக்காட்டினார்.

2001ல் ஜான் ஹாப்சன் என்ற நடத்தை உளவியல் ஆய்வாளர், விளையாட்டு வடிவமைப்பாளர்கள் படிக்கும் இதழொன்றில் இந்த விகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். எந்த விகிதம் வைத்தால் ஆடுகிறவர் எப்போது நிற்பார், எப்போது நிற்காமல் ஆடுவார் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். பிறகு அவர் பெரிய விளையாட்டு நிறுவனங்களிலேயே ஆய்வாளராகப் பணியாற்றினார். ஆடுகிறவரை நிற்கவைக்கும் இடைவெளி, வடிவமைப்பாளரின் மேசையில் ஒரு பழுதாக மாறிவிட்டது. ஆள் எழுந்து போகக்கூடிய வாசல் அது. அடைத்துவிட வேண்டும்.

மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதற்கு நரம்பியல் ஆய்வாளர் வோல்ப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குகளே இன்றும் சிறந்த சான்று. குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழும்போது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்து சற்று நேரத்தில் சாறு வரும் என்று குரங்கு பழகியதும், சாற்றுக்குத் துடிப்பது நின்று விளக்குக்குத் துடிக்கத் தொடங்கின. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. பீட்டர் தயான், ரீட் மாண்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997ல் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதைப் பரிசின் கணக்காகவும் பார்த்தது, பரிசு வரும் நேரத்தின் கணக்காகவும் பார்த்தது. மூளை ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. 2003ல் அவருடைய குழு இன்னொன்றையும் கண்டது. சாறு வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு இருக்கும்போது, காத்திருக்கும் பொழுது முழுவதும் அந்த அணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. நிச்சயமாக வரும் என்றாலும் நிச்சயமாக வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை.

சம்பளம் திங்கட்கிழமைதான் என்று சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கேள்விப்படும் ஆளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கீழிறக்கத்தை விளக்க வேண்டியதில்லை. பணம் இரண்டு நாளில் வரத்தான் போகிறது. ஆனாலும் அந்த மாலை போனது போனதுதான்.

ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்கள் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களாகவே அதிகம் தெரிகிறார்கள். நம் தென்மாவட்டப் பிள்ளைகளும் உண்டு. ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுத்தபடி கைபேசியில் இருப்பார்கள். 2016ல் வந்த லூடோ கிங்கைச் செய்த விகாஸ் ஜெய்ஸ்வால் பாட்னாக்காரர். அதனால் ஊர்விட்டு வந்தவர்களுக்கு அதில் வீட்டு வாசனையும் இருக்கும். பகடை நமக்கும் புதிதல்ல. கீழடியில் பகடைக்காய் கிடைத்திருக்கிறது. திண்ணையில் தாயம் உருட்டாத ஊரும் இல்லை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், ஒன்றும் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மறு உருட்டல் உண்டு. எந்த உருட்டலுக்கு என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. விகிதம் என்று பார்த்தால் சூதாட்ட இயந்திரத்தின் விகிதமேதான். ஆனால் கட்டையை எதிரே இருக்கும் அத்தையிடம் கொடுத்தாக வேண்டும். அவர் வெற்றிலை மடித்து முடித்துவிட்டுத்தான் உருட்டுவார். நடுவில் சண்டை வரும், அடுப்பில் பால் பொங்கும். தற்செயல் மட்டும் ஆளைக் கட்டிப்போடுவதில்லை என்பதற்குத் தாயம் ஒரு சாட்சி. இடையில் இன்னொரு மனிதர் இருந்தால் ஆட்டம் தன் வேகத்துக்கு ஓட முடியாது.

லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களை ஆண்டுகள் பல ஆராய்ந்து 2012ல் நட்டாஷா டௌ ஷுல் எழுதிய புத்தகம் இதன் மறுபக்கம். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆட்டம் நிற்காமல் இருப்பதற்காக ஆடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னார்கள். பெரிய தொகை விழுந்தால்கூட ஓட்டம் தடைப்படுகிறதே என்று எரிச்சல் வருமாம். அந்த வாக்குமூலத்தை நான் வெறும் சூதாட்டச் செய்தியாகப் படிக்கவில்லை. நாளெல்லாம் அதே காலர், அதே கை, அதே பக்கவாட்டுத் தையல் என்று மெஷினின் ஓட்டத்தில் இருந்தவர்களுக்கு, இரவில் எதுவும் யோசிக்காமல் ஓடும் இன்னோர் ஓட்டம் ஓய்வுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றரை ஷிப்ட் முடித்தவரிடம் புத்தகம் படி என்று சொல்வதற்கு முன், ஒன்றரை ஷிப்ட் ஏன் வழக்கமாயிற்று என்று கேட்க வேண்டும்.

2012ல் வந்த கேண்டி க்ரஷ் ஆட்டம் இடைவெளியை வேறுவிதமாகக் கையாண்டது. அதில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், அரைமணி நேரத்துக்கு ஒன்று திரும்ப வரும். ஐந்தும் போனால் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும், அல்லது நண்பரிடம் கேட்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஓர் இடைவேளை. போதும் எழுந்திரு என்று ஆட்டமே சொல்வதுபோல் இருக்கும். ஆனால் டைலர் கட்டு முடித்துக் குடிக்கும் டீ வேலை முடிந்த இடத்தில் வருகிறது. இங்கே ஓய்வு, ஆசை பாதியில் நிற்கும் இடத்தில், ஒரே ஒரு நகர்த்தலில் தோற்ற இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மயிரிழையில் தவறிய தோல்வி, வென்றபோது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளையே விழிக்கச் செய்கிறது என்பதையும், மீண்டும் ஆடும் ஆசையைக் கூட்டுகிறது என்பதையும் லூக் கிளார்க்கின் குழு 2009ல் காட்டியது. அந்த அரைமணி நேரம் ஆடுகிறவருடையது அல்ல. நிறுவனம் அதை விலைக்கு வைத்திருக்கிறது.

தற்செயலைக் கொடுமை இல்லாமல் பயன்படுத்த முடியாதா என்று கேட்டால், மண்ணரையில் எந்தத் தெருவிலும் பதில் இருக்கிறது. குலுக்கல் சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுகிறார்கள். சொம்புக்குள் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். பெயர் வந்தவருக்கு அந்த மாதப் பணம் முழுதும். எல்லாருக்கும் ஒரு முறை கட்டாயம் வரும், எப்போது என்பது மட்டும்தான் தெரியாது. குலுக்கும்போது நெஞ்சு படபடக்கும். விழவில்லை என்றால் முகம் சுருங்கும். ஆனால் யாரும் தோற்பதில்லை, பத்தாவது மாதம் ஆட்டம் முடிந்துவிடுகிறது. நடத்துகிறவர் ஓடிப்போன கதைகளும் ஊரில் இருக்கின்றன, மறுக்கவில்லை. முறையை மட்டும் சொல்கிறேன். பரிசின் நேரத்தைத் தற்செயலிடம் விட்டு, பரிசை மட்டும் உறுதிசெய்த ஒரு வடிவம் இது. இதை யோசித்தவர்கள் எந்த ஆய்வுக்கூடத்திலும் இருந்ததில்லை.

சீட்டில் சேர்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று தன்னைத் தெரிந்தவர்கள் தன்னையே கட்டிக்கொள்ளும் கயிறு அது. மைசூரில் ஒரு தரவுப் பதிவு அலுவலகத்தில் சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் ஆகியோர் ஓராண்டுக்கு மேல் நடத்தி 2015ல் வெளியிட்ட சோதனை இதையே காட்டுகிறது. வேலை பீஸ் ரேட், கூலி வாரக்கூலி. சம்பள நாளைக் குழுவுக்குக் குழு வெவ்வேறு கிழமையில் வைத்தார்கள். எந்தக் கிழமையாக இருந்தாலும் சம்பள நாள் நெருங்க நெருங்க உற்பத்தி ஏறியது. வாரத் தொடக்கத்தைவிடச் சம்பள நாளில் சுமார் 8 விழுக்காடு கூடுதல். ஒரு பதிவுக்குக் கிடைக்கும் காசு எல்லா நாளும் ஒன்றுதான், கைக்கு வரும் தூரம் மட்டும் வேறு. இலக்கை எட்டாவிட்டால் கூலி குறையும், எட்டினாலும் கூடுதலாக எதுவும் இல்லை என்ற ஒப்பந்தத்தைத் தாங்களாகவே தேர்ந்தவர்களும் அங்கே கணிசமாக இருந்தார்கள். நாளைய தன்னை நம்பாமல் இன்றைக்கே முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள்.

இந்த மனிதக் குணத்தை மிகக் கொடுமையாகப் பயன்படுத்தியது எந்த விளையாட்டு நிறுவனமும் அல்ல. இந்த வட்டாரத்துப் பஞ்சாலைகள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், பெரும்பாலும் தலித், ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். 2011ல் நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகின் கண்ணுக்குக் கொண்டுபோனது. உடம்பு முடியாமல் இடையில் திரும்பிய பெண்களுக்கு மொத்தப் பணம் மறுக்கப்பட்டது. ஆயிரம் நாள் உழைப்பு கடைசி நாளில் தொங்கவிடப்பட்டது. அது அவர்களின் சம்பளத்தில் பிடித்த பணம். பரிசு என்று பேர் வைத்ததால் அதன் நேரத்தை முதலாளி எடுத்துக்கொண்டார். விளையாட்டுகளில் முப்பது நாள் தொடர்ந்து வந்தால் முப்பதாம் நாள் பெட்டி திறக்கும், ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து என்று வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுதிகளின் மதில்தான் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒரே அளவுத் தீங்கு என்று சொல்லவில்லை. இரண்டிலும் கடைசி நாளின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

கூலியின் நேரத்தை முதலாளியின் விருப்பத்திலிருந்து பிடுங்கச் சட்டம் வெகு காலமாக முயன்றுவருகிறது. 1936ன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஊதியக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது, எத்தனை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்றும் தேதி வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னும் நெருங்கிச் சொல்கிறது. தினக்கூலிக்கு ஷிப்ட் முடியும்போது, வாரக்கூலிக்கு வாராந்திர விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில். மண்ணரையின் சனிக்கிழமை வழக்கம் இப்போது சட்டத்தின் எழுத்தாகவும் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது கொட்டகைக்கு வந்து சேர எத்தனை போராட்டம் வேண்டும் என்பது வேறு பேச்சு.

ஆட்டங்களின் பக்கம் சட்டம் பெரும்பாலும் பணயத்தையே பார்த்திருக்கிறது. 2003ல் தமிழ்நாடு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. ஆன்லைன் ரம்மியில் தற்கொலைகள் நிகழ்ந்த பிறகு நீதிபதி கே.சந்துரு குழு 2022ல் அறிக்கை கொடுத்தது. அவ்வாண்டு பேரவையில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி 2023ல் சட்டமாயிற்று. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையை மட்டும் தளர்த்தியது. இதற்கெல்லாம் பிறகு 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள்தான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தன. நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பண ஆட்டம் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரைமணிக்கொருமுறை எச்சரிக்கை காட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. பணத்தைத் தாண்டி நேரத்தைத் தொட்ட விதி இது. வடிவமைப்பாளர் அடைத்த இடைவெளியை அரசு சட்டத்தால் திரும்பத் திறந்துவைத்தது. சில மாதத்திலேயே, ஆகஸ்டில், மத்திய அரசு பண ஆட்டம் முழுவதையும் தடைசெய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது.

பணயம் வைக்காத ஆட்டங்கள் அந்தத் தடைக்கு வெளியே இருக்கின்றன. உயிர் திரும்பி வரும் அரைமணியும், ஒரு நாள் தவறினால் அறுபடும் தொடரும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியும் அப்படியே இருக்கின்றன. பெல்ஜியம் 2018ல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. சீனா 2023 டிசம்பரில் தினமும் வருவதற்குப் பரிசு கொடுக்கும் முறையையே தடை செய்ய வரைவு வெளியிட்டது. நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன, அடுத்த மாதமே அந்த வரைவு அரசு இணையதளத்திலிருந்து மறைந்தது. எதைத் தொட்டால் அவர்களுக்கு வலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இதற்கிடையே ஆட்டம் தொழிற்சாலைக்குள்ளேயும் வந்துவிட்டது. கலிபோர்னியாவின் அனஹைமில், டிஸ்னிலேண்ட் விடுதிகளின் சலவைக்கூடத்தில், யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு காட்டும் திரைகளை மாட்டினார்கள். வேலை செய்தவர்கள் அதற்கு மின்னணுச் சவுக்கு என்று பெயரிட்டார்கள். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்தவர்கள் இருந்தார்கள். அமேசான் கிடங்குகளில் பொருள் எடுப்பதைக் கார்ப் பந்தயமாகவும் டிராகன் சண்டையாகவும் திரையில் காட்டும் ஆட்டங்கள் வந்தன. நம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகை நெடுநாளாக வரிசைத் தலைப்பில் இருக்கிறது. மணிக்கொருமுறை சூப்பர்வைசர் வந்து எழுதுவார். அந்த ஒரு மணிக்குள் ஏற்ற இறக்கம் டைலரின் சொந்த விஷயம். முதல் இருபது நிமிடம் மெதுவாகப் போய் கடைசியில் பிடித்துவிடலாம், தலை வலித்தால் சற்று நிற்கலாம். பலகை எண்ணியல் திரையாகி, ஒவ்வொரு மெஷினிலும் கருவி பொருத்தி, பீஸுக்குப் பீஸ் எண் மாறினால் அந்த ஒரு மணி நேரம் சில நொடிகளாகச் சுருங்கிவிடும். ரேட் ஒரு பைசாகூட மாறாமலே வேலை கடுமையாகிவிடும்.

பின்னலாடை முதலாளிகளின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். ஷிப்ட் கூலி, பீஸ் ரேட் உயர்வு, பஞ்சப்படி, பயணப்படி என்று ஒவ்வொன்றாக விழுக்காடு பேசுவார்கள். அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: தொழிலாளியின் எண்ணிக்கையைத் திரையில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம், அதை யார் யார் பார்க்கலாம், கட்டுக்கும் கட்டுக்கும் இடையிலுள்ள பொழுதை அந்தக் கருவி எந்தக் கணக்கில் எழுதும்.